ஜெபராஜின் கிழிந்த ஸ்பீக்கர்

மெட்ராஸில் டிவி வந்த புதிது. நான் நிலையத்தில் சவுண்ட் என்ஜினீயர். லைவ் நிகழ்ச்சி என்றால், வெளியாள் கொண்டுவரும் எந்தக் கருவியும் மெயின்டனன்ஸ் செக் முடியாமல் ஸ்டூடியோவுக்குள் நுழையாது. அந்தப் பிரிவில் இருந்த வரதன் அண்ணா தங்கமான மனிதர். கை மட்டும் சும்மா இருக்காது.

இளைஞர் நிகழ்ச்சியில் பேட்டி கொடுக்க வந்த ஜெபராஜ் எங்கள் கிழக்குத் தாம்பரத்துப் பையன். ஹெவி மெட்டல் கிதார் வாசிப்பவன். அவனுடைய அப்பா கணக்கு வாத்தியார். பையனுக்கு ஒரு கம்பெனியில் கிளார்க் வேலை பேசி வைத்திருந்தார். கிதாரா, கிளார்க்கா என்பதை டிவியில் அவனைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக ஏற்பாடு.

லைவுக்குச் சற்று முன்னால் வரதன் அண்ணா, ஜெபராஜ் செக்குக்குக் கொடுத்திருந்த ஆம்ப்ளிஃபயரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“ஸ்பீக்கர் கிழிஞ்சி கீதுப்பா. புதுசு மாட்டிட்டேன்.”

ஜெபராஜ் முகம் வெளுத்துப்போனது. “அண்ணா, அத நான்தான் பிளேடால கிழிச்சேன். அந்தக் கரகரப்புதான் மியூசிக்கே.”

வாசித்துப் பார்த்தான். கிதார் வீணை மாதிரி இனித்தது. பழைய ஸ்பீக்கரோ கழற்றும்போதே நார்நாராகியிருந்தது. அண்ணா பாவம், என் முகத்தைப் பார்த்தார்.

லைவ் தொடங்கியது. வித்வான்களையே பேட்டி கண்டு பழகிய அறிவிப்பாளர் அம்மா, தினமும் எவ்வளவு நேரம் சாதகம் என்று கேட்டார்.

“பக்கத்து வீட்ல கதவத் தட்ற வரைக்கும் மேடம்.”

அவன் கிதாரை எடுத்ததும் கன்சோலில் ஒலியைக் கூட்டும் கெயின் குமிழை முழுக்கத் திருகினேன். மீட்டர் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. சிவப்பைத் தொடாதே, தொட்டால் ஒலி கரகரக்கும் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். ஒலி கிழிந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஜெபராஜ் கண்ணை மூடிச் சிரித்தான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மேலதிகாரி கொடுத்த மெமோகூடக் கசக்கவில்லை.

மறுநாள் தாம்பரம் ஸ்டேஷனில் வாத்தியார் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் பார்த்தது பக்கத்து வீட்டு டிவியில். இரைச்சலைக் கேட்டு செட் ரிப்பேர் என்று பயந்த வீட்டுக்காரர், வால்யூமை அடியோடு குறைத்துவிட்டாராம்.

“சத்தமே கேக்கல சார். ஆனா அவன் மொகத்தப் பாத்தேன். கணக்குப் போடறப்ப ஒரு நாளும் அப்படி இருந்ததில்ல. கிளார்க் வேல வேணாம்னு சொல்லிட்டேன்.”

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். எதையும் ரிப்பேர் செய்யுமுன் உடையவரை ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்ட பிறகும் ஒலி சரியாக அமையவில்லையென்றால் ரொம்ப வருந்தாதீர்கள். ஜெபராஜ் கடைசிவரை கிதார்தான் வாசித்தான்.