பூனைக்கு இடம் இருந்த பட்டியல்

மலேசியாவின் ஜொகூரில், மாசாயில் அந்த வீட்டு வரிசைக்குப் போய் "ரூபினி வீடு எது?" என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "ஐயாசாமி மகள்" என்றால் பாதிப் பேருக்குத் தெரியும். "லொங்காங் ஓரமா நின்னு உடும்பைப் படம் பிடிக்குமே, அந்தப் பொண்ணு" என்றால் ரோட்டில் விளையாடும் பிள்ளைகள்கூடக் கை காட்டிவிடும். டிப்ளோமா வாங்கிய ஒரு பெண்ணுக்கு வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடைதான் அடையாளம் என்றால் வேறு யாராவது வருத்தப்பட்டிருப்பார்கள். ரூபினிக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த உடும்பு அவ்வளவு அழகாக நடக்கும் என்பாள்.

அவள் பிறந்தது சாஆ பக்கம், செம்பனைத் தோட்டத்தில். ஐயாசாமிக்கு பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்ததும் குடும்பம் மாசாய்க்கு வந்தது. சின்ன வயதிலிருந்தே ரூபினிக்குக் கால் உள்ள எதைப் பார்த்தாலும் கண் அங்கேயே நின்றுவிடும். கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் கோழி, அறிவியல் புத்தகத்தில் பல்லி. மகள் உருப்படமாட்டாளோ என்று பயந்து அம்மா பேச்சியம்மாள் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டாள். மகளோ அந்தக் கோழியையும் பல்லியையும் வைத்தே வேலைக்குப் போய்விட்டாள்.

தெப்ராவ் பக்கம் ஒரு கடைவீடு. கீழே டயர் கடை, மேலே வீடியோ கேம் கம்பெனி. எங்கோ கனடாவில் இருக்கும் பெரிய கம்பெனி ஒரு கேமைத் தயாரிக்கும். அதில் கதாநாயகன் வாளை உருவிக்கொண்டு காட்டுக்குள் நுழைவான். அவன் அந்த ஊர்க்காரன். அவன் நுழையும் காடு, காட்டில் கிடக்கும் கல், கல்லின் மேலே பாசி, பாசியின் மேலே ஊரும் பூச்சி எல்லாம் இங்கே டயர் நாற்றத்துக்கு மேலே உட்கார்ந்து செய்தது. ரூபினியின் வேலை மிருகங்களை நடக்க வைப்பது. "கம்பியூட்டர்ல பல்லிக்கு நடக்கச் சொல்லிக் குடுக்குறா" என்று பேச்சியம்மாள் அக்கம்பக்கத்தில் விளக்குவாள். உண்மையைச் சொன்னால் இதைவிட நன்றாக யாராலும் விளக்க முடியாது.

அந்தக் கேமில் ஒரு தீவு. தீவுக்குக் காவல் ஒரு ராட்சத உடும்பு. லாரி அளவு இருக்கும். அதை நடக்க வைக்க ரூபினி கைப்பேசியோடு லொங்காங் ஓரமாகத் தவம் கிடந்தாள். நிஜ உடும்புக்கோ சினிமா ஆசை கிடையாது. கேமராவைக் கண்டதும் தண்ணீருக்குள் போய்விடும். கடைசியில் அவள் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அப்பா, கொஞ்சம் நாலு கால்ல நடங்களேன்."

"என்னாது?"

"உடும்பு மாதிரி. நான் வீடியோ எடுத்துக்கிறேன். ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தான்ப்பா செய்வாங்க."

மகள் வேலைக்காக என்றால் ஐயாசாமி எதுவும் செய்வார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலில் குப்புற விழுந்து ஊர்ந்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். நாக்கை நீட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவராகவே நீட்டினார். அந்த நேரம் பார்த்து முருங்கைக்கீரை கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா, கேட்டுக்கு வெளியே நின்று அந்தக் காட்சியைப் பார்த்தாள்.

"அலமாக்! பேச்சிக்கா! அண்ணனுக்கு என்னமோ இறங்கிருக்கு! இருங்க, விபூதி எடுத்தாறேன்!"

கீரையைப் போட்டுவிட்டு ஓடியவளைப் பிடித்து நிறுத்துவதற்குள் பேச்சியம்மாளுக்கு மானம் போய்விட்டது. ஆனால் வேலை நடந்தது. ஐயாசாமிக்கு வலது முட்டி சரியாக மடங்காது. என்றோ தொழிற்சாலையில் விழுந்து வாங்கிய அடி. அதனால் ஊரும்போது வலது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போவார். ரூபினி அந்த இழுப்பை அப்படியே ராட்சத உடும்புக்கு வைத்துவிட்டாள். கனடாக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த மிருகத்துக்குப் பழைய காயம் ஒன்று இருக்கிறது, அதற்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று பாராட்டி எழுதினார்கள். முதலாளி விஜயன் அந்தப் பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அது தன்னுடைய யோசனைதான் என்று பதில் அனுப்பினார். ஐயாசாமியின் முட்டிக்கு இப்படி ஒரு சொந்தக்காரர் கிளம்புவார் என்று யார் கண்டது?

உடும்பு வேலை முடிந்தது. கேம் வெளிவர இன்னும் சில மாதம் இருக்கும்போது ரூபினியின் ஒப்பந்தமும் முடிந்தது. "வேலை இருந்தா கூப்பிடுறேன்" என்று விஜயன் கைகுலுக்கி அனுப்பினார். அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தொழிலில் அது சகஜம். பிறகு ஒருநாள் கால்வின் போன் செய்தான். கால்வின் அந்த ஆபீஸில் சத்தம் சேர்ப்பவன். ஈரச் சாக்கைத் தரையில் இழுத்து அந்த உடும்புக்குச் சத்தம் கொடுத்தவன் அவன்தான்.

"ரூபி, கேம் முடிஞ்ச பிறகு ஓடுமே பேர் லிஸ்ட், பாஸ் அதை ரெடி பண்ணிட்டாரு. உன் பேரு இல்ல."

"விட்டுப்போயிருக்கும்லா. சொன்னா போட்டுருவாரு."

"போபோ பேரு இருக்கு."

போபோ விஜயனின் பூனை. வெள்ளைப் பாரசீகப் பூனை. ஆபீஸ் பிரிண்டரின் மேலே படுத்துத் தூங்குவது தவிர அதற்கு வேறு எந்தத் திறமையும் கிடையாது.

ரூபினிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. அவள் செய்த வேலையை யாரிடமும் காட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. நாளைக்கு வேறு வேலை கேட்டுப் போனால், அந்த உடும்பை நடக்க வைத்தவள் நான்தான் என்று சொல்ல அவளுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பெயர்தான். மறுநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு விஜயனைப் பார்க்கப் போனாள்.

"ரூபினி, இது ரூல் லா," என்றார் விஜயன். "கேம் ரிலீஸ் ஆகுற அன்னைக்கு ஆபீஸ்ல யாரு இருக்காங்களோ, அவங்க பேருதான் வரும். உன் பேரை விடணும்னு எனக்கு மட்டும் ஆசையா?"

"போபோ பேரு இருக்கே, பாஸ்?"

விஜயன் பிரிண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அது எங்கயும் போகலயே."

ரூபினி மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கால்வினும், அதே ஆபீஸில் கேமின் மரம் மட்டைகளுக்கு வர்ணம் கொடுக்கும் ஷர்மைனும் அவளுக்கு ஆறுதல் சொல்ல மாசாய்க்கு வந்தார்கள். பேச்சியம்மாள் கோழிக்கறி ஆக்கினாள். சாப்பாட்டுக்கு நடுவே விஷயம் ஐயாசாமியின் காதுக்குப் போனது. அவ்வளவுதான், மனிதர் எழுந்து கை கழுவிவிட்டு டிவி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கல்யாணக் கார்டை எடுத்து வந்தார். ரூபினி தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தக் கார்டைப் பார்க்காமல் அந்த வீட்டிலிருந்து தப்பிப் போன விருந்தாளி கிடையாது.

சாஆவில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகன் காளியப்பன் வீட்டுக் கல்யாணக் கார்டு அது. கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு அண்ணன்மார், தம்பிமார், மாமன், மச்சான் என்று ஒரு கூட்டமே இருக்கும். ஐயாசாமி பெயர் மட்டும் இருக்காது.

"பாத்தியாம்மா? சிங்கப்பூர்ல இருக்கிற சம்பந்தியோட சிநேகிதன் பேருகூட இருக்கு. கூடப் பொறந்தவன் மாதிரி வளந்தவன் என் பேரு எங்க?" என்று ஷர்மைனிடம் கேட்டார். "சோறு பத்தலன்னாகூடப் பொறுத்துக்குவேன். இதை எப்படிப் பொறுக்கிறது?"

"அப்புறம் என்ன செஞ்சீங்க, அங்கிள்?"

"நான் போகல. நான் போகலன்னதும் என் தம்பிங்க ரெண்டு பேரும் போகல. தங்கச்சி போகல. பேசி வச்ச வேன் வாசல்லயே நின்னுச்சு. மண்டபத்துல நாற்காலி வரிசை வரிசையாக் காலி. போட்டோவுல பாத்தா கல்யாணமா, கூட்டம் கலைஞ்ச பிறகான்னு தெரியாது."

கால்வின் சிரித்தான். ஷர்மைன் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோழிக்காலைத் தட்டில் வைத்தாள்.

"அப்ப நம்மளும் கல்யாணத்துக்குப் போகாம இருந்தா என்ன?"

"வேணாம் ஷர்மைன்," என்றாள் ரூபினி. "என் ஒருத்தி பேருக்காக உங்க பேரும் போயிரும். எத்தனை நாள் உழைச்சிருக்கீங்க."

"இன்னைக்கு நீ, நாளைக்கு நான். என் ஒப்பந்தமும் அடுத்த மாசம் முடியுது."

கால்வினின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. அவனுடையதும் முடியப் போகிறது என்பது அவனுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஷர்மைன் விஜயன் முன்னால் போய் நின்று, ரூபினி பெயர் இல்லையென்றால் தன் பெயரும் வேண்டாம் என்றாள். பின்னால் கால்வின். அவனுக்குப் பின்னால், ஷர்மைன் ஏற்கெனவே பேசி வைத்திருந்த மற்ற எல்லாரும். பிள்ளைகள் மிரட்டிப் பார்க்கிறார்கள், தன் பெயரை யாராவது வேண்டாம் என்பார்களா என்று விஜயன் நினைத்தார். "வேணாம்னா போங்க" என்று ரோஷமாக எல்லாப் பெயரையும் அழித்துவிட்டு, மிச்சம் இருந்ததைக் கனடாவுக்கு அனுப்பினார். மிச்சம் இருந்தது இரண்டு பெயர்.

மூன்றாம் நாள் கனடாவிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. பட்டியலைத் தொகுக்கும் அம்மாள் ரொம்ப மரியாதைக்காரி. காடு, மலை, கடற்கரை, இத்தனை மிருகங்கள், இவ்வளவையும் இரண்டே பேர் செய்து முடித்திருப்பதைக் கண்டு வியந்துபோனதாகச் சொன்னாள். விஜயன் இருமினார். உடும்பின் நடையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போட விரும்புவதாகவும், அது விஜயனின் வேலையா, போபோவின் வேலையா என்று தெரிந்தால் நல்லது என்றும் சொன்னாள். முடிந்தால் போபோவோடு ஒரு வார்த்தை பேசலாமா?

பின்னால் நின்ற கால்வின் பிரிண்டர் மேலிருந்த பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து கேமராவுக்கு முன்னால் காட்டினான்.

அதற்குப் பிறகு ஒன்றும் மறைக்க முடியவில்லை. வேலை பார்த்த எல்லாருக்கும் பெயர் உண்டு, இடையில் போனவர்களுக்கும் உண்டு என்பதுதான் தங்கள் கம்பெனி வழக்கம் என்று அந்த அம்மாள் முகம் இறுகச் சொன்னாள். சாயந்திரத்துக்குள் புதுப் பட்டியல் போனது. அதில் ரூபினி இருந்தாள். அவளுக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தவர்களும் இருந்தார்கள். நன்றி என்ற தலைப்பில் போபோவையும் விஜயன் விடாமல் வைத்துக்கொண்டார். அவருக்கும் ஒரு பிடிவாதம் இருக்கும் அல்லவா?

கேம் வெளியானது. ஆட்டத்தை முழுதும் ஜெயித்தால்தான் கடைசியில் பெயர்கள் ஓடும். "யூடியூப்ல யாராச்சும் போட்டிருப்பாங்கப்பா, இப்பவே காட்டுறேன்" என்றாள் ரூபினி. ஐயாசாமி கேட்கவில்லை. பந்தலுக்குப் பின்பக்கமாக நுழையும் பழக்கம் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, கம்பியூட்டரை டிவியோடு இணைக்கச் சொல்லி உட்கார்ந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கை சீக்கிரமே பழகிக்கொண்டது. தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். ராட்சத உடும்பு வலது காலை இழுத்துக்கொண்டு வந்தது.

"ரூபி! இது என் முட்டி!"

சொல்லி முடிப்பதற்குள் உடும்பு அவரை விழுங்கிவிட்டது. அன்றைக்கு மட்டுமில்லை, பல நாள் அவர் தன் நடையிடமே அடி வாங்கிச் செத்தார். ஒரு கட்டத்தில் உடும்பு வலதுபக்கம் திரும்பத் தாமதிக்கும் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அவரும் அப்படித்தானே திரும்புவார்! அதற்குப் பிறகு தீவு அவருடையது.

எல்லாம் முடிந்து பெயர்கள் மேலே ஏறத் தொடங்கிய மாலையில் பேச்சியம்மாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கார்டில் பெயர் படிப்பதுபோல் ஐயாசாமி ஒன்று விடாமல் சத்தமாகப் படித்தார். வாயில் நுழையாத பெயர்கள்கூட அவர் வாயில் ஏதோ ஒரு வடிவத்தில் நுழைந்து வெளியே வந்தன. "யாரு பெத்த புள்ளையோ" என்று நடுநடுவே சொல்லிக்கொண்டார். ஜொகூர் ஆபீஸின் பெயர் வந்தது. ஷர்மைன் வந்தாள். கால்வின் வந்தான்.

"ரூபினி..." என்று படித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதே வரியில் அடுத்த வார்த்தை அவருடைய பெயர். தன் பெயரை அங்கே அவர் எதிர்பார்க்கவில்லை.

பெயர் மேலே போய்க்கொண்டிருந்தது, போய்விடப் போகிறது. பேச்சியம்மாள் பதறிப்போய், "ஐயாசாமி!" என்று கத்திப் படித்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரூபினிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அதான் வந்துருச்சே, டிவியை அணைங்க" என்றாள் பேச்சியம்மாள், வெட்கம் தீராமல்.

"அணைக்கிறதா? மத்தவங்க பேரு? அவங்க அப்பா அம்மாவும் எங்கயாச்சும் உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க மாட்டாங்களா?"

ஐயாசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படிக்க ஆரம்பித்தார். ஒரு பெயரையும் விடவில்லை. போபோ வந்தபோது மட்டும் குனிந்து தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.