டிரேயில் தொங்கிய ஆக்சிமோரான்

பிளஸ் டூவில் எல்லாப் பாடமும் தேறி, இங்கிலீஷில் மட்டும் இரண்டு முறை கவிழ்ந்தவள் நான். அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரெய்னி. பாஸான மார்க் ஷீட்டைக் காட்டினால்தான் பெர்மனென்ட், இல்லாவிட்டால் டிரெய்னிங் முடிந்த கையோடு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் முறையும் போனால் அவ்வளவுதான்.

நடுவில் ஓட்டை உள்ள சின்னப் பித்தளை உருளைகளான புஷ்களைச் சோதிப்பது என் வேலை. கேஜ் என்ற அளவுக் கம்பியின் ஒரு முனை புஷ் ஓட்டைக்குள் போக வேண்டும், மறுமுனை போகவே கூடாது. டிரே நல்லதென்றால் பச்சை அட்டை கட்டுவோம், சந்தேகமென்றால் மஞ்சள், கழிசலென்றால் சிவப்பு. அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்தது.

டுடோரியலில் கொடுத்த இங்கிலீஷ் சொற்களை அந்த அட்டைகளின் பின்பக்கம் எழுதி, புஷ்களைப் போலவே தரம் பிரித்தேன். நவுன், வெர்ப், சிமிலி எல்லாம் பச்சை. 'லைக்', 'ஆஸ்' வந்தால் சிமிலி, அதில் குழப்பமில்லை. பிரிபொசிஷனும் பெர்சானிஃபிகேஷனும் மஞ்சள். மண்டையில் ஏறாதவை சிவப்பு. ஆக்சிமோரான் என்று எழுதும்போதே எரிச்சல் வரும். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு வார்த்தைகளைப் பக்கத்தில் வைப்பதற்கு இவ்வளவு பெரிய பெயரா? எங்கள் ஊரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன, அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

பரீட்சைக்கு முந்தைய நாள், கை வேலை பார்க்க, கண் படிக்க வசதியாக அட்டைக் கொத்தை டிரேயின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டேன். டிரே முடிந்ததும் பச்சை கட்டினேன். கொத்தை எடுக்க மறந்து சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் டிரேயைக் காணோம்.

"ஸ்டோர் ஆளுங்க கூண்டுக்குத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க புள்ள," என்றார் பக்கத்து பெஞ்சு அக்கா. "செவப்பு தொங்குச்சாம்."

கழிசலைப் பூட்டி வைக்கும் கம்பிக் கூண்டு அது. பச்சையும் சிவப்பும் சேர்ந்து தொங்கினால் அங்கே சிவப்புதான் செல்லும். அந்த டிரே ஏற வேண்டிய பெங்களூர் லாரி கேட்டில் நின்றது. அட்டையை மாற்றிக் கட்டியதற்காக முந்தின மாதம்தான் ஒரு டிரெய்னியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

நான் கூண்டுக்கு ஓடியபோது சூப்பர்வைசர் என் கொத்தைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கன்னடக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் சார். நாளைக்குப் பரீட்சை."

"கூண்டுக்குள்ள போனது நூத்துக்கு நூறு செக் பண்ணாம வெளிய வராது. ரூல். நீயே பண்ணு."

நல்ல சரக்கை மறுபடி சோதிக்க வேண்டும், மறுநாள் பரீட்சைக்காக மூன்று மணிக்குக் கிருஷ்ணகிரி பஸ்ஸையும் பிடிக்க வேண்டும். உள்ளுக்குள் அவரைத் திட்டியபடியே உட்கார்ந்தேன். பாதி டிரே தாண்டியிருக்கும். போகக் கூடாத முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அடுத்ததிலும் போனது. மொத்தம் பதினோரு புஷ், காலையில் நானே பார்த்து நல்லதென்று போட்டவை. கண் அட்டையில் இருந்தபோது கை என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை.

ஸ்கிராப் டப்பா காலடியில்தான் இருந்தது. சத்தமில்லாமல் போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றையும் அள்ளிக்கொண்டு போய் சூப்பர்வைசர் மேஜையில் வரிசையாக வைத்தேன்.

அவரே கேஜை எடுத்து இரண்டைப் பார்த்தார். "செவப்பு கார்டு சரியாத்தான் தொங்கியிருக்கு," என்றார். "நீ காலைல போட்ட பச்சைதான் தப்பு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்லவேளை, டிரே லாரி ஏறல. ஏறியிருந்தா உன் பேரோட திரும்பி வந்திருக்கும். மறைக்காம கொண்டாந்தே, அதோட ஆயித்து, முடிஞ்சது." கொத்தை என் பக்கம் தள்ளினார். "இத வீட்டுல வெச்சுப் படி. போம்மா, பஸ் போயிடும்."

கேட்டைத் தாண்டிய பிறகுதான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. படிக்கலாமென்று கொத்தை மடியில் பிரித்தவள், சூளகிரி வருவதற்குள் நன்றாகத் தூங்கிவிட்டேன். கிருஷ்ணகிரியில் கண்டக்டர்தான் எழுப்பினார்.

மறுநாள் பரீட்சையில் ஆக்சிமோரானைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. வந்திருந்தால், பச்சையும் சிவப்பும் ஒன்றாகத் தொங்கிய என் டிரேயையே உதாரணமாக எழுதியிருப்பேன். அது இல்லாமலே பாஸானேன். பெர்மனென்ட் ஆர்டரைக் கொடுத்த அன்று சூப்பர்வைசர் என் டிரேயின் கைப்பிடியைத்தான் முதலில் பார்த்தார். பச்சை அட்டை ஒன்றுதான் தொங்கியது.