பத்துக்கு ஆறு

முழுக்க மோசமான கேமைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்கும். வாய்க்கு வந்தபடி ஏசலாம், பார்க்கிறவர்களும் சிரிப்பார்கள். முழுக்க நல்ல கேமாலும் தொல்லையில்லை, நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு எழும்பிவிடலாம். உயிரை எடுப்பவை நடுவில் நிற்கிறவைதான். ஒரு பாதி கண் கலங்க வைக்கும். மற்றப் பாதி கணினியைத் தூக்கி எறிந்தால் என்ன என்று நினைக்க வைக்கும்.

பகலில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கணினிக் கடையில் வேலை செய்கிறேன். மற்ற நேரங்களில் இணுவிலில் என் அறையில் இருந்து கேம் விளையாடி, எங்கள் பேச்சிலேயே விமர்சனம் சொல்லி யூடியூப்பில் போடுகிறேன். நாற்பதை நெருங்கும் பொம்பிளைக்கு இது என்ன வேலை என்று கேட்டுக் கேட்டு ஊர் களைத்துவிட்டது. ஒவ்வொன்றின் முடிவிலும் பத்துக்கு எத்தனை என்று சொல்வேன். அதில் சொந்தம், பந்தம், அயல் என்று நான் பார்ப்பதில்லை.

எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி ஒரு பெண், கம்பஸ் என்று நாங்கள் சொல்லும் பல்கலைக்கழகம் முடித்தவள், ஒரு கேம் செய்துகொண்டிருந்தாள். அவள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுடைய அம்மா இறந்துபோனார். செத்த வீட்டுக்கு நானும் போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் சுடலையில் எலும்பும் சாம்பலும் அள்ளும் காடாற்று முடிந்தபின் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைப்பார்கள். ஆம்பிளைகள்தான் போவார்கள். அந்த வீட்டில் மகன் இல்லாதபடியால் பெரியப்பாவின் மகன் சாம்பல் இருந்த மண்முட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவளுடைய அப்பா கூடப் போனார். அவள் வாசல் படலையோடு நின்றுவிட்டாள்.

அவளுடைய கேமில் ஒரு மகள் அம்மாவின் சாம்பலைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு இணுவிலில் இருந்து கீரிமலைக்குப் போகிறாள். அவ்வளவுதான் கதை.

அந்தத் தெருவை அவள் செய்திருந்த விதம் இருக்கிறதே! எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கும்போது உண்மையாகவே எனக்குக் கால் உளைந்தது. கூடையில் இருக்கும் முட்டி ஒவ்வொரு பள்ளத்திலும் மெல்லச் சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காகவே நான் பள்ளங்களை விலத்தி விலத்தி ஓடினேன். ஆனால் பாதித் தூரம் போனதும், சந்திக்குச் சந்தி யாராவது மறித்து வேலை சொன்னார்கள். ஒருவருக்கு மருந்து வாங்க வேண்டும், இன்னொருவருடைய ஆட்டைத் தேட வேண்டும். சாம்பலோடு போகிறவளிடம் யாராவது ஆடு தேடச் சொல்வார்களா? மதகடியில் சைக்கிள் தரைக்குள் புதைந்துவிடும். இடையில் சேமித்து வைக்க வழியில்லை, கரண்ட் போனால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். கடைசியில், கடலில் இடுப்பளவு தண்ணீரில் அவள் முட்டியைக் கையில் எடுத்ததும் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். என்ன பொத்தானை அமத்தினாலும் அசையாது.

இந்தக் கேமைத்தான் ஒரு மண்டபத்தில் வெளியிட்டார்கள். எங்கள் ஊரில் எது வெளியிட்டாலும் புத்தக வெளியீடு மாதிரித்தான். மங்கல விளக்கு, தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் இருந்தன. முதற் பிரதி கொடுக்க வேண்டுமே, கேமுக்குப் பிரதி ஏது? ஒரு பென்டிரைவை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். வாங்கியவர் அதை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்று தெரியாமல் படத்துக்கு நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதிப்பீட்டுரைக்கு என் பெயரைப் போட்டிருந்தார்கள்.

விழாவுக்கு முதல் அவள் என்னிடம் வந்தாள். "அப்பா சொல்லிப்போட்டார் அக்கா. விழாவிலை நல்லாய்ச் சொன்னால் இன்னும் ஒரு வருசம் வீட்டிலை இருந்து செய்யலாமாம். இல்லாட்டில் கொழும்பிலை கிடைச்ச வேலைக்குப் போகட்டாம்."

"நான் பொய் சொல்ல மாட்டன்" என்றேன்.

"பொய் சொல்லச் சொல்லேல்லை. சும்மா உங்களுக்குச் சொல்லி வைக்கிறன்."

எனக்கு முன் பேசியவர் கேமைத் திறந்துகூடப் பார்க்காமல் அரை மணித்தியாலம் புகழ்ந்தார். "சிறு சிறு குறைகள் உண்டு, அடுத்த பதிப்பில் தவிர்த்துக்கொள்ளலாம்" என்று முடித்தார். எங்கள் மேடைகளில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சிறு குறை என்றால் பெருங்குறை என்று மண்டபமே பெருக்கிக்கொள்ளும். குறை எதுவும் சொல்லாவிட்டால்தான் பரவாயில்லை என்று அர்த்தம்.

நான் அந்தக் கணக்கில் பேசவில்லை. என் அறையில் பேசுவது மாதிரியே பேசினேன். அந்த எதிர்க்காற்றைப் பற்றிச் சொன்னேன். இப்படி ஒரு தெருவை நான் எந்தக் கேமிலும் பார்த்ததில்லை என்றேன். பிறகு ஆட்டைச் சொன்னேன், மதகைச் சொன்னேன், முடிவு வேலை செய்யவில்லை என்றேன். இவள் தொடர்ந்து செய்ய வேண்டும் என்றேன். பத்துக்கு ஆறு என்றேன். என் வாயால் ஆறு வாங்கிய கேம்கள் குறைவு, நான் அதைப் பாராட்டாகத்தான் சொன்னேன்.

மற்றவர்களின் ஒரு சொட்டுக் குறையைக் குடமாக்கிக் கேட்டுப் பழகியவர்கள், நான் குடமாகவே ஊற்றியதை எவ்வளவாகக் கேட்டிருப்பார்கள்? முன்வரிசையில் இருந்த அவளுடைய அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது மேடைக்குக் கேட்டது. "அறுபது புள்ளி எண்டால் C தானே? C எடுத்தால் கம்பஸும் கிடையாதே." புள்ளி என்ற சொல்லைக் கேட்டால் இந்த ஊருக்குப் பரீட்சை மண்டபம்தான் ஞாபகம் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கைத் திரும்பப் பிடுங்கி அவருக்கு விளக்கம் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் நன்றியுரை தொடங்கிவிட்டது.

கொழும்புக்குப் போவதற்கு முன் அவள் கடைக்கு வந்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஆடு, மதகு எல்லாம் நீங்கள் சொன்னது சரி அக்கா. கடைசி மட்டும் பிழை விட்டதில்லை."

"பிழையில்லையோ? எல்லாம் உறைஞ்சு போய் நிக்குது."

"அதுக்குப் பிறகு என்ன செய்யிறவை எண்டு எனக்குத் தெரியாது. என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லைத்தானே."

"அப்ப அதைத் திரையிலை ஒரு வரி எழுதியிருக்கலாமே!"

"எழுதினால் அப்பா வாசிப்பார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஆறை மாற்றலாமா என்று நினைத்தேன். மாற்றவில்லை. விளையாடுகிறவன் அவள் வீட்டில் நடந்ததெல்லாம் தெரிந்துகொண்டா விளையாடுவான்? அவனுக்குத் தெரிவது உறைந்துபோன திரை மட்டும்தான். இதை எத்தனை முறை எனக்கு நானே சொன்னாலும் நெஞ்சு ஆறவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு பின்னேரம் அவளுடைய அப்பா கடைக்கு வந்தார். தோட்டத்தில் இருந்து நேராக வந்திருக்க வேண்டும், காலில் செம்மண் காயவில்லை. சட்டைப் பையில் இருந்து கேம் உள்ள ஒரு பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தார்.

"பிள்ளை, நீர் அண்டைக்குக் கடைசி சரியில்லை எண்டு சொன்னனீர். எனக்கு அந்தக் கடைசியைக் காட்டும்."

தெருவெல்லாம் ஓட அவருக்குப் பொறுமை இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. நான் ஓட்டினேன், அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தார். முட்டியின் சத்தம் கேட்கும்போதெல்லாம், "பாத்து, பாத்து" என்றார். மதகு வந்தபோது விலத்திப் போகச் சொன்னார். கடல் வந்தது. அவள் இறங்கினாள், முட்டியை எடுத்தாள், எல்லாம் உறைந்தது.

"ஏன் நிக்கிறாள்?"

"இதுக்கு மேலை என்ன செய்யிறதெண்டு அவளுக்குத் தெரியாதாம் ஐயா. ஒருத்தரும் சொல்லேல்லையாம்."

அவர் திரையில் நிற்கிறவளுக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார். "கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்க வேணும். தோளுக்கு மேலாலை பின்னுக்கு விடவேணும். விட்டிட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாது. நேரை கேணிக்கு வந்து முழுக வேணும். அவ்வளவுதான்."

"இதை அவளுக்குச் சொன்னனீங்களோ?"

"அவள் கேக்கேல்லையே."

என் பக்கம் திரும்பினார். "இதையும் சேத்தால் எத்தினை போடுவீர்?"

எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. "புள்ளியை விடுங்கோ ஐயா. இப்பவே அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கோ."

அவர் போனை எடுத்தார். மணி அடித்தது. "அப்பா" என்று அவளுடைய குரல் எனக்கே கேட்டது. அவர் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"சாப்பிட்டியோ?" என்றார்.

"ஓம் அப்பா. ஏன்?"

"ஒண்டுமில்லை. சும்மாதான். வைக்கிறன்."

போனைப் பைக்குள் போட்டார். பென்டிரைவை எடுக்கவில்லை. "நீர் சொல்லிவிடும் பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நான் சொல்லவில்லை. அவளுக்கு அது என் வாயால் வர வேண்டிய செய்தி இல்லை. பென்டிரைவ் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "சொன்னனீரோ?" என்று கேட்கிறார். "நீங்கள் சொல்லுங்கோ" என்கிறேன். தலையாட்டிவிட்டுப் போகிறார்.