முள் ஒடித்த கெளுத்தி

அம்மா பங்களாவிலிருந்து திரும்பும் சாயங்காலங்களில் அவள் முந்தானையில் பாசி வாடை அடிக்கும். தேயிலைக் கொழுந்தின் பச்சை வாடையோடும் லயத்து வரிசை வீடுகளின் விறகுப் புகையோடும் வளர்ந்த எங்களுக்கு அது வேறு உலகத்து வாடை. தோட்டத்துப் பெரிய துரையின் கண்ணாடி மீன்தொட்டியைக் கழுவிவிட்டு வந்திருக்கிறாள் என்று அதை வைத்தே தெரிந்துகொள்வேன். அம்மா அந்த வீட்டில் ஆயாவாக இருந்தாள். துரையின் ஒரே மகனைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைப்பது அவள் வேலை. தொட்டி கழுவுவது அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்காக யாரும் அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக நான் கேட்டதில்லை.

நான் சொல்வது ஐம்பதுகளின் நடுப்பகுதியை. நுவரெலியாவுக்கும் உடப்புசல்லாவைக்கும் இடையில் எங்கள் தோட்டம். துரைக்குத் தேயிலைக்கு அடுத்தபடி மீன்தான். கொழும்பிலிருந்து தகர டின்னில் ரயிலேறி நானுஓயாவில் வந்து இறங்கும் வண்ண மீன்களில் பாதி, எங்கள் குளிர் தாங்காமல் ஒரு வாரத்துக்குள் செத்து மிதக்கும். ஒருமுறை அப்படி வந்த டின்னில், துரை கேட்காத இரண்டு மீன்களும் கலந்து வந்துவிட்டன. சுண்டுவிரல் நீளம், சாம்பல் நிறம், வாயோரம் மீசை, உடம்பில் செதிலுக்குப் பதிலாக ஓடு வேய்ந்தாற்போல இரண்டு வரிசைத் தகடுகள். மற்றவையெல்லாம் மிதந்தபோதும் இவை இரண்டும் அடிமணலைக் கிளறிக்கொண்டு சௌக்கியமாகத் திரிந்தன. போதாததற்கு, அவ்வப்போது ஒரு கண்ணை மட்டும் உருட்டி மூடுவதுபோல் செய்யும். துரையின் மகனுக்கு அப்போது நாலு வயது. "ஆயா, கண்ணடிக்குது!" என்று கத்திக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டுவிடுவான். அவனுக்கு முதலில் வந்த பேச்சே அம்மாவின் பேச்சுதான்.

இது என்ன மீன் என்பது துரைக்குப் பெரிய மனக்குறையாகிவிட்டது. புத்தகங்களைப் புரட்டினார், அவற்றில் இல்லை. பங்களாவுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் தொட்டியைக் காட்டிக் கேட்டார். துரை கேட்டால் தெரியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் தோட்டத்தில் கிடையாது. பெரிய கணக்கப்பிள்ளை அது விரால் குஞ்சு என்று அடித்துச் சொன்னார். பங்களாவின் சமையல்காரர், எல்லோரும் 'அப்பு' என்று கூப்பிடுபவர், அயிரை என்றார். கடைசியில், ஆற்றோரம் பிறந்தவர் என்று யாரோ சொல்ல, பாக்டரியில் வேலையாக இருந்த என் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்கால்களில் மீன் பிடித்துத் திரிந்த வயதில் கப்பலேறியவர் அவர். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தொட்டிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மீசையிருக்கு, முதுகுல முள்ளிருக்கு. கெளுத்திதாங்க தொரை. கொட்டுனா ராவெல்லாம் கடுக்கும். சின்னப் புள்ளைங்கன்னா காச்சலே வந்துருங்க."

துரை தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை போலிருக்கிறது. மீன் விஷயத்தில் பெரிய ஆள் என்று பெயர் வாங்கிய வேறொரு தோட்டத்துத் துரையை வந்து பார்க்கும்படி அடுத்த நாளே சொல்லி அனுப்பினார். அப்பா சொன்னதை முழுதாக நம்பியது அந்த வீட்டில் அம்மா ஒருத்திதான்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போய்விட்டது. பையனின் கையை எத்தனை முறைதான் தண்ணீரிலிருந்து இழுப்பது? துரைசானியிடம் சொல்லிப் பார்த்தாள். அவள் சிரித்துவிட்டு, "நீ பாத்துக்கோ, ஆயா" என்றாளாம். அம்மா பார்த்துக்கொண்டாள். எங்கள் சனங்களுக்குக் கெளுத்தி கையில் சிக்கினால் வேறு எதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. முதுகு முள்ளையும் பக்கத்து முட்கள் இரண்டையும் ஒடித்துப் போட வேண்டும். பிறகுதான் அதைச் சட்டியில் போடுவதோ பிள்ளைகள் கையில் கொடுப்பதோ. தொட்டி கழுவுகிற நாளில் அம்மா அந்த இரண்டு மீன்களையும் ஈரத்துணியில் பிடித்து, பாக்குவெட்டியால் முட்களை நறுக்கிவிட்டு, மறுபடியும் தண்ணீரில் விட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இனிமே பயமில்ல, புள்ள எப்படி வேணா வெளயாடட்டும்" என்று அப்பாவிடம் சொன்னபோது அவள் முகம் எவ்வளவு தெளிந்திருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு மீன் சில நாட்களில் செத்துப்போனது. குளிர்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த 'மீன்காரத் துரை' வந்தார். இது நாங்கள் அவருக்கு வைத்த பெயர். பார்த்த மாத்திரத்தில் மீனின் பெயரைச் சொன்னார். தென்னமெரிக்காவில் ஏதோ ஆற்றில் இருப்பது, கெளுத்தி வகைதான், ஆனால் குழந்தையைக்கூட ஒன்றும் செய்யாது என்றார். சட்டைக் கையை மடக்கிவிட்டு அதை அள்ளி எடுத்தார். அப்போதுதான் முள் இல்லாததைக் கண்டார். யார் செய்தது என்று துரை கேட்டதும், பையனை இடுப்பில் வைத்திருந்த அம்மா, மெச்சத்தான் போகிறார்கள் என்ற நினைப்பில், "நாந்தாங்க தொரை" என்று முன்னால் வந்து நின்றாள்.

இதையெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். துரை என்ன திட்டினார் என்பதை மட்டும் அவள் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் ஏன் செய்தாய் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை என்பதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள். மறுநாள் விடியற்காலையில், கூடையை எடுத்துக்கொண்டு 'பெரட்டு'க்களத்துக்குப் போய், வேலைக்குப் பெயர் கொடுக்கும் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றாள். கெளுத்தி என்று சொன்னது தான்தானே என்று அப்பா வெகு நாள் தன்னையே நொந்துகொண்டிருந்தார்.

பங்களாவுக்குக் கீழே உள்ள மலையில் கொழுந்து எடுக்கும் நாட்களில், பையன் மேலே புல்வெளியில் நின்று "ஆயா, ஆயா" என்று கூப்பிடுவது நன்றாகக் கேட்கும். அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன நானும் கேட்டிருக்கிறேன். அவள் கை அப்படியே நின்றுவிடும். "கொழுந்தப் பாரு, பங்களாப் பக்கம் என்னா பார்வ?" என்று கங்காணி சத்தம் போடுவார். கை மறுபடி ஓடும். கண்ணைத் துடைக்கவும் அதற்கு நேரம் இருக்காது. கொழும்பிலிருந்து புது ஆயா வந்தாள். கொஞ்ச காலத்தில் அந்தக் கூப்பிடு சத்தமும் நின்றுபோனது.

இன்றைக்கும் என் மனம் ஆறவில்லை. சுண்டுவிரல் அளவு மீன் ஒன்று எந்த நாட்டைச் சேர்ந்தது என்று அறிய அத்தனை பாடுபட்ட வீடு அது. அதே வருஷங்களில் எங்களை எந்த நாடு என்று இலங்கையும் கேட்டது, இந்தியாவும் கேட்டது, இரண்டுமே எங்களுக்கு இடமில்லை என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தன. அதைப் பற்றிப் பங்களாவில் யாரும் ஒரு ராத்திரித் தூக்கத்தை இழந்ததாக நான் அறியேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் துரை வேலையை விட்டுச் சீமைக்குக் கிளம்பினார். பாக்டரிக்கு முன்னால் எல்லோரும் மாலையோடு நின்றோம். சீமையில் படித்துக்கொண்டிருந்த பையனும் அப்போது வந்திருந்தான். வளர்ந்திருந்தான், தமிழெல்லாம் போய்விட்டிருந்தது. அம்மா விடிவதற்குள் செவ்வந்தி மாலை கட்டி முடித்திருந்தாள். குனிந்து அதை வாங்கிக்கொண்டவன், நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு, இது யார் என்று தாயிடம் இங்கிலீஷில் கேட்டான். கொழுந்து பறிக்கிறவர்களில் ஒருத்தி என்றாள் துரைசானி. மறந்து சொன்னாளா, மறைத்துச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. டவுன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

லயத்துக்குத் திரும்பும் வழியில் அம்மா கேட்டாள்: "தம்பித்தொரை என்னமோ கேட்டுச்சே, என்னாடி?"

நான் ஆத்திரத்தில் இருந்தேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"சரியாத்தானே சொல்லியிருக்காங்க. இப்ப கொழுந்துதானே எடுக்கிறேன்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "புள்ளைக்குக் கை ரெண்டும் எவ்ளோ நல்லா வளந்திருக்கு, பாத்தியா?" என்றாள்.

இப்போது அந்தப் பங்களா சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. பாக்டரி மூடிக் கிடக்கிறது. எங்கள் லயத்துச் சனங்களில் பலரை, இரண்டு நாடுகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் என்று சொல்லி இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களும் திசைக்கொருவராகப் போய்விட்டோம். அந்த மீன் மட்டும் பெருகிவிட்டது. ஹட்டன் கடையில் பிளாஸ்டிக் பைகளில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். போன மாதம் நின்று விசாரித்தேன். கடைக்காரர் அதன் பெயரையும் நாட்டையும் ஒரே மூச்சில் சொன்னார். துரையும் அந்தப் பெயரைச் சாகும்வரை மறந்திருக்கமாட்டார். தன் பிள்ளைக்கு நாலு வருஷம் சோறூட்டியவளை அவர் 'ஆயா' என்றுதான் கூப்பிட்டார். பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. அவள் பெயர் அங்கம்மா.