கூரையில்லாத மடத்தில் என் கணவரைத் தொலைத்த நாள்

நம் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் சாட்சி சொல்லும்படி என்னை மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் மறுத்துவிட்டேன். சாட்சி என்றால் நோய் குணமாகியிருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். என் கணவருக்குக் குணமாகவில்லை. இருந்தாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமலிருக்க மனசு கேட்கவில்லை.

என் கணவர் சவரிமுத்து புதுவயல் அரிசி ஆலையில் முப்பது வருடம் மெக்கானிக். நான்கு வருடத்துக்கு முன் மறதி நோய் வந்தது. முதலில் தெரு மறந்தது. பிறகு மகளின் பெயர். நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால், "அவுகளுக்கு உடம்பு முடியல, படுத்திருக்காக" என்று அனுப்பிவிடுவேன். குளிக்க வைப்பது, ஊட்டுவது, ஒரே கேள்விக்கு நாற்பது தடவை பதில் சொல்வது எல்லாம் நான்தான். தினமும் செபமாலை சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அதைக் கையில் எடுக்கவே வெறுப்பாக இருந்தது.

போன செப்டம்பரில் இங்கிலாந்தில் இருக்கும் மகள் ஜெனி எங்களை வரவழைத்தாள். ஒரு சனிக்கிழமை, அவள் வசிக்கும் நகரத்துக்கு வெளியே ஆற்றோரமாக உள்ள ஒரு பழைய மடத்துக்குக் கூட்டிப் போனாள். எண்ணூறு வருடங்களுக்கு முன்பே சிஸ்டர்சியன் என்ற சபையின் துறவிகள் கட்டியது. இப்போது கறுத்த தூண்களும் சுவர்களும்தான் நிற்கின்றன. பீடம் இருந்த இடத்தில் புல். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இராப்பகலாகச் செபித்தவர்களின் கோயிலுக்கே கூரை மிஞ்சவில்லை, என் செபம் எந்த மூலைக்கு என்று நினைத்தேன்.

ஜெனி டீ வாங்கப் போனாள். இவர் ஆரம்பித்தார்.

"அமலி, பஸ் எப்ப வரும்?"

"கார்லதானே வந்தோம்."

"பஸ் எப்ப வரும்?"

ஏழாவது தடவை கேட்டபோது கத்திவிட்டேன். "கொஞ்ச நேரம் என்னைச் சும்மா விடுங்க. எங்குட்டாச்சும் போங்க."

கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். திறந்தபோது அவரைக் காணவில்லை.

"நீ இங்கயே இரும்மா, அப்பா திரும்பி வந்தாலும் வருவாக" என்று சொல்லிவிட்டு, டீயோடு திரும்பி வந்த ஜெனி ஆற்றுப் பக்கம் ஓடினாள். மழை பிடித்துக்கொண்டது. தூண் தூணாகப் போய்க் கூப்பிட்டேன். காவலாளி ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. பீடம் இருந்த அந்தப் புல்லிலேயே உட்கார்ந்தேன். "ஆண்டவரே, குணமாக்கக்கூட வேண்டாம். அவரைத் திருப்பித் தாரும். என்னால் தனியாக முடியவில்லை" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை அதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஒரு மணி நேரம் இருக்கும். தலை நரைத்த ஒரு வெள்ளைக்கார அம்மா, தன் குடைக்குள் இவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார்.

"எங்குட்டு போனீக?" என்றேன்.

"உன்னத்தான் தேடினேன். பஸ்ஸும் வரல" என்றார்.

அந்த அம்மா சொன்னதை, ஓடி வந்த ஜெனி எனக்குச் சொன்னாள். இவர் மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறார். அந்த அம்மாவின் கணவரும் இதே நோயில் இறந்தவராம், பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். தான் போகவேண்டிய இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு இவரோடு ஒவ்வொரு இடமாகத் தேடியிருக்கிறார். "அமலி, அமலி என்று மட்டும் சொன்னார். அது ஊரல்ல, ஆள் என்று புரிந்தது" என்றாராம். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு உதவிக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

சொந்த ஊர் காரைக்குடிக்குத் திரும்பிய வாரமே பங்குச்சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வீட்டிலும் சொன்னேன். இப்போது செவ்வாயும் வெள்ளியும் பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அண்ணன் வந்து இவரோடு உட்கார்கிறார். அந்த நேரம் நான் தூங்குகிறேன். நோய் அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் என்னையே யாரென்று கேட்டார். எனக்குக் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது. ஆனால் தனியாக இல்லை.

நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்தார், அவருக்கு நன்றி. உங்களில் யாராவது என்னைப்போல் மறைத்து வைத்துத் தவித்தால், முடியவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்காக அவர் கோபிக்கமாட்டார். அவர் அனுப்பும் ஆளை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.