கொட்டாவியில் தெரிந்த ஆபத்து

போன தை மாதம், செங்கல்பட்டில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் நடந்தது இது. என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கூடுவாஞ்சேரியிலிருந்து காலை ரயிலில் நான்தான் அழைத்துப் போவேன். அவருடைய பிரஷர் மட்டும் எந்த மாத்திரைக்கும் மசியாது.

அன்று மாலை எங்கள் பெண்ணைப் பார்க்க மாமல்லபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பிரஷர் அதிகம் இருந்தால் வீடு திரும்ப நேரமாகிவிடும் என்று பயந்து, இந்த மனுஷன் ரயிலிலேயே எனக்குத் தெரியாமல் பிரஷர் மாத்திரையைக் கூடுதலாக விழுங்கியிருக்கிறார். மிஷின் தண்ணீரை இழுக்கும்போதே பிரஷர் இறங்கும், அதனால் மாத்திரையை டயாலிசிஸ் முடிந்த பிறகுதான் போட வேண்டும் என்று டாக்டர் அவருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சிஸ்டர் பார்த்தபோது பிரஷர் அழகாக இருந்தது. நான்கூட சந்தோஷப்பட்டேன்.

மிஷின் பாதி நேரம் ஓடியிருக்கும். இவர் கொட்டாவி விட்டார். மறுபடியும் விட்டார். சரி, தூங்கட்டும் என்று போர்வையை இழுத்துவிட்டேன். அடுத்த கட்டிலில் வேலையாக இருந்த சிஸ்டர் திரும்பிப் பார்த்தவர், ஓடியே வந்துவிட்டார். தலைப்பக்கத்தை இறக்கி, காலைத் தூக்கி வைத்து, மிஷின் தண்ணீர் இழுப்பதை நிறுத்தி சலைன் ஏற்றினார். அதற்குள் இவருக்கு வேர்த்துக் கொட்டிக் கண் செருகிவிட்டது. பிரஷர் கிடுகிடுவென இறங்கியிருந்தது; அப்படி இறங்கும்போது முதலில் கொட்டாவிதான் வருமாம்.

கண் திறந்ததும், "வர்றப்பவே ஒரு மாத்திர சேத்து போட்டுகினேன் சிஸ்டர்... பொண்ணு பாக்க வராங்கோ" என்றார் பாவமாக. நான் நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சிஸ்டர் கையமர்த்தினார்.

"அக்கா, வுடுங்க. அண்ணா, பிரஷர் ஏறினா ஏறிச்சுன்னு சொல்லுங்க, இங்க யாரும் திட்ட மாட்டோம். ஒடம்புல தண்ணி சேந்தாலே ஏறும். உப்பக் கொறைங்க, தாகம் கொறையும்."

பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் சொன்னார். அந்தப் பக்குவம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. பெண்ணுக்கும் அவரே போன் செய்து, "அப்பா நல்லா இருக்காரும்மா" என்றார். அன்று வர வேண்டாம் என்று சொன்னதற்கு மாப்பிள்ளை வீட்டாரும் முகம் சுளிக்காமல் அடுத்த வாரம் வந்தார்கள்.

அதன்பின் இவர் கருவாட்டையும் ஊறுகாயையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உடம்பில் தேங்கிய நீரை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க, அடங்காத பிரஷரும் வழிக்கு வந்தது.

வைகாசியில் கல்யாணம். மணவறையில் இவர் தாரை வார்த்தபோது எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள், நான் இவரைப் பார்த்து அழுதேன். என் பெண்ணுக்கு வந்த சீரிலேயே பெரிய சீர் அந்த சிஸ்டர் கொடுத்ததுதான் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.