சால்மன் குஞ்சு பார்க்கப் போகிறவர்கள் மீன் கொண்டு போகாதீர்கள்

ஜூன் நடுப்பகுதியில் எனக்கு நான்கு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தது. ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவனுக்குக் கோடையில் இது லேசில் வாய்க்காது. மனைவி றெஜினாவின் தம்பி யூட், மேற்குக் கரையில் பேர்கன் நகருக்கு அப்பால் ஓர் ஆறு கடலில் சேரும் இடத்தில் வேலை செய்கிறான். பண்ணையில் வளராமல் ஆற்றில் தானாகப் பிறந்த சால்மன் குஞ்சுகளைப் பிடித்து, உடம்பில் ஒட்டியிருக்கும் கடற்பேனை எண்ணி, சுகநலம் பார்த்துத் திரும்ப விடுவது அவன் உத்தியோகம். "மீனுக்குப் பேன் பார்க்க ஒரு பட்டப்படிப்போ?" என்று வீட்டில் எல்லோரும் அவனைப் பகிடி பண்ணுவோம். ஒருமுறை நேரில்தான் பார்ப்போமே என்று புறப்பட்டேன். றெஜினாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

வியாழன் காலை ஹவுகெட்டோவில் உள்ளூர் ரயில் பிடித்து ஒஸ்லோ மத்திய நிலையம், அங்கிருந்து எட்டரை மணியளவில் பேர்கன் ரயில். ஏறத்தாழ ஏழு மணிநேரப் பயணம். டிக்கெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் விலை இரண்டு மடங்காகிவிடும். இடதுபக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது. கோடையிலும் பனி கிடக்கும் மலைமேல் நிலையமான ஃபின்சேயில் ரயில் நிற்கும்போது இறங்கிக் கொஞ்சம் பனியை மிதித்துப் பாருங்கள், ஆனால் விசில் சத்தத்தில் ஒரு காது இருக்கட்டும். நான் ஓடிவந்து ஏறியதைப் பார்த்து ஒரு பெட்டி முழுக்கச் சிரித்தது.

என் காலடியில் குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. தம்பியைப் பார்க்க வெறுங்கையோடு போவதாவது என்று றெஜினா கட்டித் தந்தது. உள்ளே முழுச் சால்மன் ஒன்று. லோறென்ஸ்கூக்கில் இருக்கும் எங்கள் நண்பர் ஒஸ்லோவுக்கு மேற்கே ஓர் ஆற்றில் தூண்டில் போட்டுப் பிடித்துத் தந்தது. "புது மீன் எண்டு சொல்லிக் குடுங்கோ" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள். சால்மன் ஆராய்கிறவனுக்குச் சால்மன் கொண்டு போகிறோமே என்று எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

யூட் பேர்கன் நிலையத்துக்குக் காரோடு வந்திருந்தான். அங்கிருந்து ஒன்றரை மணிநேரம், பாதித் தூரம் சுரங்கப்பாதை. ஆற்றங்கரையில் மரவீடு ஒன்று, அதுதான் அவர்களின் களநிலையம். அவன் காரிலிருந்து சாமான் இறக்கட்டும், நான் அதற்குள் மீனைத் துப்புரவாக்கிவிடலாம் என்று கத்தியை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். மீனின் நடுப்பகுதி கொஞ்சம் விறைப்பாக இருந்தது. நல்ல புது மீன் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீரில் அமிழ்த்திச் செதில் உரிக்கத் தொடங்கியதுதான் தாமதம்.

"அத்தான்! தண்ணிக்கை வைக்காதேங்கோ!"

திரும்பிப் பார்த்தேன். யூட்டின் முகத்தில் இரத்தமே இல்லை.

"உந்த மீன் எங்கத்தையான்?"

ஆற்றின் பெயரைச் சொன்னேன். அவன் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்த ஆற்றில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி இருக்கிறதாம். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் சால்மன் குஞ்சுகளின் தோலைத் தின்று கொன்றுவிடும். ஈரமான பூட்ஸிலோ பிடித்த மீனிலோ ஏறி இன்னோர் ஆற்றுக்குப் போய்விடும். அப்படி அது புகுந்த ஆற்றை மீட்க வேண்டுமென்றால் மருந்து ஊற்றி எல்லா மீனையும் கொல்ல வேண்டும். "இந்த ஆறு இன்னும் சுத்தம், அத்தான்" என்றான். ஓர் ஆற்றையே கொன்றுவிட்டேனோ என்று மீனைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

அவன் தன் மேலதிகாரிக்கு அழைத்தான். அந்த அம்மா பதறாமல் ஒரே கேள்வி கேட்டார்: மீன் உறைய வைத்ததா, வைக்காததா? உறைந்திருந்தால் ஒட்டுண்ணி செத்திருக்கும். எனக்குத் தெரிந்தவரை அது புது மீன். உடனே றெஜினாவுக்கு அழைத்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

"புது மீன்தான். ஏன், பழுதாப் போச்சோ?"

"அக்கா, ஃப்ரீசருக்கை வைச்சனீங்களோ?"

"சீ, உனக்குப் போய் ஐஸ் மீன் தருவனே? மாதாவாணை புது மீன்."

யூட் தலையில் கை வைத்தான். நான் போனைக் கிட்டப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். இந்த ஆற்றுக் குஞ்சுகள் எல்லாம் செத்துப்போகும், யூட் இத்தனை வருடம் பார்த்த வேலை போய்விடும் என்றேன்.

"ரெண்டு கிழமையா ஃப்ரீசருக்கைதான் கிடந்தது" என்றாள் மெதுவாக. "விடியத்தான் எடுத்து வைச்சனான். ஐஸ் மீன் எண்டால் தம்பி என்ன நினைப்பான் எண்டு..."

"நான் ஒண்டும் நினைக்கேல்லை அக்கா! நீங்கள் நல்லாயிருக்க வேணும்!" என்று யூட் கத்தினான். பிறகு இருவரும் கல்லில் உட்கார்ந்தபடி விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவன் திரும்ப அழைத்துச் சொன்னபோது மேலதிகாரி, பயமில்லை, இருந்தாலும் கத்தி, பெட்டி, அத்தான் எல்லாவற்றையும் கிருமிநீக்கியால் கழுவச் சொன்னாராம். அத்தானை அவன் சேர்த்துக்கொண்டான் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த நாள் காலை படகில் போய்க் கடலில் கட்டியிருந்த வலையைத் தூக்கினோம். குஞ்சுகள் என் உள்ளங்கையைவிடச் சற்று நீளம், புதுக் காசுபோல் மினுங்கின. மயக்கமருந்து கலந்த வாளியில் விட்டு, ஈரத் தட்டில் கிடத்தி, பூதக்கண்ணாடியால் யூட் தலையிலிருந்து வால்வரை பார்த்தான். ஆற்றில் இல்லாத பேன் கடலுக்கு வந்ததும் ஒட்டிக்கொள்ளுமாம், இந்தச் சின்ன உடம்புக்கு ஒருசில பேனே பாரம். தாய் பிள்ளையை மடியில் கிடத்திப் பேன் பார்க்கும் அதே பொறுமை. போன வருடம் பேன் மொய்த்துக் கிடந்ததைப் பார்க்கவே மனம் கேட்கவில்லையாம். அன்றைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை சுத்தம். சுத்தம் என்று அவன் சொன்ன ஒவ்வொரு முறையும் நானும் மூச்சு விட்டேன். இனி அவனைப் பகிடி பண்ண மாட்டேன், பண்ணினாலும் குறைவாகப் பண்ணுவேன்.

போக நினைப்பவர்களுக்கு: இப்படியான நிலையங்களுக்கு முன்கூட்டிக் கேட்டுத்தான் போக வேண்டும். ஜூனிலும் மழைச்சட்டை வேண்டும். பூட்ஸ், தூண்டில், வலை எதுவாயிருந்தாலும் நன்றாகக் காயவைத்து, கிருமி நீக்கிக் கொண்டு போங்கள். ஓர் ஆற்று மீனை இன்னோர் ஆற்றில் கழுவாதீர்கள். கொண்டு போயே ஆக வேண்டுமென்றால் கேக் கொண்டு போங்கள்.

ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த றெஜினா, தம்பி எப்படி என்று கேட்கவில்லை, மீன்கறி எப்படி என்றும் கேட்கவில்லை.

"ஆறு சுகமோ?" என்றாள்.

"ஓம், சுகம்" என்றேன்.